பதிவேடு கட்ட எந்தப் பழைய தையலை முதலில் கற்பது?

அச்சிட்ட புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிக்கிறோம். நடுமடிப்பில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே மறைந்தாலும் பாதகமில்லை, அங்கே வெற்று ஓரம்தான் இருக்கும். வெற்றுப் பதிவேட்டில் கதையே வேறு. எழுதும் கை மடிப்பு வரைக்கும் போகும். பேனாவின் அழுத்தத்துக்கு அசையாமல் பக்கம் மேசையில் படுத்திருக்க வேண்டும். முதல் பக்கத்தில் எழுதும்போதும் கடைசிப் பக்கத்தில் எழுதும்போதும் அப்படியே இருக்க வேண்டும். அதனால் பழங்கால பைண்டிங் முறைகளில் ஒன்றைக் கற்க நினைப்பவர், எது அழகு என்று பார்ப்பதற்கு முன் மூன்று விஷயத்தை முடிவு செய்துகொள்வது நல்லது. ஏட்டில் எத்தனை பக்கம்? மேசையிலா, பையில் எடுத்துப்போயா, எங்கே வைத்து எழுதுவது? உள்ளே ரசீது, படம் என்று ஏதாவது ஒட்டப்போகிறோமா?

புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் காப்டிக் தையலுக்கே அனுப்பி வைக்கிறார்கள். பதிவேடுதான் குறிக்கோள் என்றால் அந்த ஆலோசனையை நாங்கள் ஏற்கமாட்டோம். லாங் ஸ்டிட்ச் (மேலுறை வழியாகவே தைப்பது) முதலில், நாடாத் தையல் (நாடாக்களின் மேல் தைப்பது) அடுத்து, கனமான பேரேடு தேவைப்பட்டால் மட்டும் ஸ்பிரிங்பேக் (திறந்ததும் முதுகு மேலெழும் கட்டு). காப்டிக்கை நடுவில் எப்போது வேண்டுமானாலும் கற்கலாம், கற்காமலும் விடலாம்.

எல்லா முறைக்கும் பொதுவானது: தாளும் துளையும்

தாளில் இழைகள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசை ஏட்டின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு முரடாக உடையும், பசையின் ஈரம் பட்டதும் முதுகோரம் அலையலையாக எழும், பக்கம் படுக்காமல் விறைத்து நிற்கும். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. வழக்கமாக விற்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுகிறது. அதை இரண்டாக மடித்து ஏ5 ஏடு செய்தால் இழை முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். நீளவாட்டில் இழை ஓடும் ஏ3 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டிக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது: அந்த ஏ4 துண்டுகளில் இழை அகலவாட்டில் இருக்கும், மடித்ததும் முதுகுக்கு இணையாகிவிடும். சந்தேகம் இருந்தால் தாளின் திசையைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு சிறு சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள். அது சுருண்டு குழாய் போல் ஆகும். அந்தக் குழாயின் நீளவாட்டமே இழையின் திசை. அட்டைக்கும் இதே விதிதான்.

ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த தாள்களின் தொகுதியை ஃபாரம் என்பார்கள். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாள் என்றால் ஒரு ஃபாரத்துக்கு 4 தாள் சரியாக இருக்கும். மடித்தால் 8 இலை, 16 பக்கம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். ஃபாரத்துக்கு 2 தாள் என்று குறைத்தால் அதே பக்கங்களுக்கு இரட்டிப்பு நூல் போகும், முதுகு உப்பும். 8 தாளாக ஏற்றினால் உள் தாள்கள் வெளியோரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், மடிப்பும் உருண்டையாகிவிடும்.

முதுகு உப்புவதைத் தைக்கத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூலின் தடிமன் அரை மில்லிமீட்டர், ஃபாரம் 12 என்றால் முதுகில் மட்டும் 6 மில்லிமீட்டர் கூடுகிறது. நூல் தாளுக்குள் கொஞ்சம் அழுந்தும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே வரும். முதுகை வளைவாக உருட்டப்போகிறீர்கள் என்றால் இந்த உப்பல் தேவை. அது இல்லாமல் முதுகு உருளாது. தட்டையான முதுகு வேண்டுமென்றால் நூலை மெலிதாக்குங்கள். பைண்டர்கள் பயன்படுத்தும் லினன் நூலில் 18/3 தடித்தது, 30/3 மெல்லியது, இடையில் 25/3. எதுவானாலும் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கிச் சிக்காது, முடிச்சும் வழுகாது.

துளையை மடிப்பின் உச்சியிலேயே போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்த ஃபாரம் ஒரு பக்கம் சாயும். இரண்டு அட்டைகளை வி வடிவில் நிறுத்திய தொட்டிலில் ஃபாரத்தைத் திறந்து வைத்து, ஒரே அளவுச் சீட்டைக் கொண்டு எல்லா ஃபாரத்தையும் குத்தூசியால் குத்துங்கள். துளை ஊசியின் அளவுக்கு மேல் போகக் கூடாது. பெரிய துளையில் பசை உள்ளே கசியும், நூலும் ஆடும்.

நூலை இறுக்கும்போது முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையிலேயே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் நூல் பிளேடு மாதிரி மடிப்பைக் கிழித்துவிடும். முதல் ஏடுகளில் நடக்கும் சேதம் பலநேரம் இந்த ஒரு இழுப்பால்தான்.

காப்டிக்: கண்ணுக்கு அழகு, பதிவேட்டுக்கு அரைப் பொருத்தம்

எகிப்தில் பொது ஆண்டின் முதல் நூற்றாண்டுகளில் உருவான தையல் இது. ஒவ்வொரு ஃபாரமும் முந்தையதன் தையலில் கொக்கி போட்டுச் சங்கிலியாகக் கோக்கும். நாடாவோ கயிறோ கிடையாது. வட ஆங்கிலத் துறவி மடத்தில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட செயின்ட் கத்பர்ட் நற்செய்தி நூல் இதே குடும்பத்துச் சங்கிலித் தையலில் இன்றும் உடையாமல் இருக்கிறது. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் அதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அப்படியானால் உறுதிக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். அந்த நூலின் முதுகைத் தோல் மூடியிருக்கிறது. பழைய காப்டிக் ஏடுகளிலும் முதுகைத் தோலோ துணியோ மூடியிருப்பதே வழக்கம். முதுகை வெறுமையாக விட்டுச் சங்கிலியைக் காட்டுவது இன்றைய ரசனை. அந்த வடிவத்தில் நூல் நேராகப் பையின் உரசலை வாங்குகிறது, ஃபாரங்களுக்கு இடையே தூசி இறங்குகிறது.

இதன் பலம் பெரியதுதான். முதுகில் பசையே இல்லாததால் எந்தப் பக்கத்திலும் முழுத் தட்டையாகத் திறக்கும். அட்டையைப் பின்னுக்கு மடக்கிக் கையில் வைத்து எழுதலாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைபவருக்கு இதைவிட நல்லது இல்லை. சிக்கல் அட்டை சேரும் இடத்தில். அட்டையின் துளையில் போகும் இரண்டு மூன்று சுற்று நூல்தான் முழு எடையையும் தாங்குகிறது; தேய்வது அங்கேதான் முதலில். ஒரே நூலில் போகும் சங்கிலி என்பதால் அங்கே அறுந்தால் தளர்ச்சி அடுத்தடுத்த ஃபாரத்துக்குப் பரவும். தைக்கும்போது வரும் வழக்கமான கோளாறு, இழுவிசை சீராக இல்லாமல் ஏடு ஒரு பக்கம் சரிந்து நிற்பது. மூன்று ஃபாரத்துக்கு ஒருமுறை தாள்கட்டை நேராக்கி, மேலே ஒரு எடையை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால் இது பெரும்பாலும் நீங்கும். எத்தியோப்பிய முறையில் துளைகளை ஜோடி ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஊசி கோத்த தனி நூல் போகும். ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதால் காப்டிக் குடும்பத்தில் பதிவேட்டுக்குக் கொஞ்சம் தேறுவது அதுதான்.

ஜப்பானிய நாலு துளைத் தையலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. முதுகோரத்தில் ஒட்டுமொத்தத் தாள்கட்டையும் துளைத்துத் தைப்பதால் உள்ளோரத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் போய்விடும். மெல்லிய, துவளும் தாளில் திறக்கும்; 100 ஜிஎஸ்எம் தாளில் எலிப்பொறி போல மூடிக்கொள்ளும். ஏற்கெனவே எழுதிய தனித்தாள்களைச் சேர்த்துக் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் ஸ்டிட்ச்: இங்கே தொடங்குங்கள்

மத்திய காலத்தின் பிற்பகுதியில் ஜெர்மன் பேசும் பகுதிகளில் பரவலாக இருந்த முறை. ஃபாரங்களைத் தனியாகத் தைத்துப் பிறகு அட்டை போடுவது இதில் இல்லை. மேலுறையின் முதுகு வழியாகவே ஊசி போகும், நூல் வெளியே நீள நீளமாகத் தெரியும். பழைய ஏடுகளில் முதுகின் மேல் தடித்த தோல், கொம்பு அல்லது மரத் தகடு ஒன்றை வைத்து அதையும் சேர்த்தே தைத்திருப்பார்கள். அழகுக்காக மட்டும் வைத்ததில்லை அது. மெல்லிய உறையை நூல் அறுக்காமல் காப்பதும் அந்தத் தகடுதான்.

கற்பவருக்கு இதில் கிடைக்கும் லாபம்: ஏட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டாம், பசை வேண்டாம், அட்டையை மூட்டும் தனி வேலை இல்லை. தவறு நடந்தால் நூலை உருவிவிட்டு அதே தாளில் மறுபடி தைக்கலாம். அரை நாளில் ஒரு ஏடு முடியும். அதைவிட முக்கியமாக, மென்மையான உறை பையில் வளைந்து கொடுக்கும், பக்கமும் மடிப்பு வரை திறக்கும்.

ஏ5 அளவில் 8 ஃபாரம், 128 பக்கம் கொண்ட ஏட்டை எடுத்துக்கொள்வோம். தாளின் தடிமன் 8 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நூலைச் சேர்த்தால் முதுகு 10 அல்லது 11 மில்லிமீட்டர். இந்த எண்ணை ஊகத்தில் எடுக்காதீர்கள். ஃபாரங்களை ஒரு இரவு எடையின் கீழ் வைத்து எடுத்து, விரலால் லேசாக அழுத்தியபடி அளந்து, நூலுக்கு 2 மில்லிமீட்டர் கூட்டுங்கள். உறையின் முதுகு குறுகினால் ஃபாரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு விசிறி போல விரியும். அகன்றால் தாள்கட்டு உள்ளே தொய்ந்து முன்னோரம் (முதுகுக்கு எதிர் ஓரம்) சரியும். உறைக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாவரப் பதனிட்ட தோல் பொருத்தம். உயரத்தில் தாளைவிட மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் கூட வைத்து வெட்டுங்கள்.

முதுகில் ஃபாரத்துக்கு ஒரு துளை வரிசை போடலாம், அல்லது முதுகின் அகலத்துக்குக் குறுக்கே நாலைந்து கீறல் போட்டு எல்லா ஃபாரத்தையும் அவற்றின் வழியே தைக்கலாம். கீறல் எளிது, ஆனால் அதன் இரு முனையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வட்டத் துளை போட்ட பிறகே கத்தியை வையுங்கள். கூர்முனையாக விட்ட கீறல், ஏட்டை நூறு தடவை திறப்பதற்குள் நீளத் தொடங்கும். துளை வரிசையாக இருந்தால் ஃபாரம் நகராது, கோடுகளும் நேராக விழும். அளப்பதில் மட்டும் பொறுமை வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு வகை, டாக்கெட் கட்டு. ஒவ்வொரு ஃபாரத்தையும் உறையோடு தனித்தனி முடிச்சுகளால் கட்டுவது. ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களிலும் கணக்கேடுகளிலும் பழைய எடுத்துக்காட்டுகள் நிறைய. ஒரு ஃபாரத்தைக் கழற்றி நீக்கவோ புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ இதில் முடியும். ஆண்டுக்கு ஆண்டு வளரும் பதிவுக்கு இதை நினைவில் வையுங்கள்.

லாங் ஸ்டிட்சின் எல்லையும் தெளிவு. ஏறக்குறைய 200 பக்கத்துக்கு மேல் மென்மையான முதுகு தொய்யும். மேசையில் நிற்க வைத்தால் ஏடு குனியும்.

நாடாத் தையல்: பெரும்பாலோருக்கு இதுவே முடிவான விடை

200 முதல் 400 பக்கம் வரை, கெட்டி அட்டையோடு மேசையில் கிடக்கும் பதிவேட்டுக்கு நாடாவின் மேல் தைப்பதே சரி. 210 மில்லிமீட்டர் உயர முதுகுக்கு 12 மில்லிமீட்டர் அகல லினன் நாடா மூன்று போதும். துளைகளை மேலிருந்து 12, 49, 61, 99, 111, 149, 161, 198 மில்லிமீட்டரில் போட்டால் முதலும் கடைசியும் கெட்டில் முடிச்சுக்கு, நடுவில் உள்ள ஒவ்வொரு ஜோடியும் ஒரு நாடாவின் இரு பக்கத்துக்கு. நூல் நாடாவைத் தாண்டிப் போக வேண்டும். நாடாவையே குத்திவிட்டால் பிறகு அதை இழுத்து நேராக்க முடியாது.

கெட்டில் முடிச்சு என்பது, ஒரு ஃபாரத்தின் முனைக்கு வந்ததும் அதன் கீழே உள்ள இரண்டு ஃபாரங்களுக்கு நடுவே ஊசியை விட்டு, அங்குள்ள நூலைச் சுற்றி எடுத்து, உருவாகும் வளையத்துக்குள் ஊசியைச் செலுத்தி இறுக்குவது. இங்கே கை கனத்தால் முதுகின் மேல், கீழ் முனைகள் ஒடுங்கி, முதுகின் நடுப்பகுதி பிதுங்கும். கை தளர்ந்தால் ஃபாரம் படிபடியாக நழுவும். நடுவிலும் முனையிலும் தடிமனை அளந்து ஒப்பிட்டால் எந்தப் பக்கம் தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

தைத்த பின் வரும் பசைதான் பல பதிவேடுகளைக் கெடுக்கிறது. முதுகில் மெல்லிய ஒரு பூச்சு போதும். ஃபாரங்களுக்கு இடையே விரலால் தேய்த்து இறக்கி, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். தடித்துப் பூசினால் ஒவ்வொரு ஃபாரத்தின் வெளி இலையும் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் மட்டும் திறக்காது. பி.வி.ஏ. பசை (கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை) வளையும், விரைவில் காயும், ஆனால் ஒருமுறை ஒட்டினால் பிரிப்பது கடினம். கோதுமை ஸ்டார்ச் பசையை ஈரப்படுத்தி எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம்: ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், மிதமான சூட்டில் விடாமல் கிளறிக் கண்ணாடி போல் தெளிந்ததும் இறக்கி, ஆறியபின் வடிகட்ட வேண்டும். சில நாளில் கெட்டுவிடும், தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள். முதுகின் முதல் பூச்சுக்கு ஸ்டார்ச், அட்டைத் துணிக்கு பி.வி.ஏ. என்று பிரித்துக்கொண்டால் பின்னாளில் பழுதுபார்ப்பவர் உங்களைத் திட்டமாட்டார்.

தட்டையாகத் திறக்க வைப்பது முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே வைக்கும் தாள் குழாய். முதுகின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு கிராஃப்ட் தாளை (பழுப்பு உறைத் தாள்) மூன்றாக மடித்து, ஒரு பங்கை முதுகில் ஒட்டி, மற்ற இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் குழாய் தயார். ஏடு திறக்கும்போது தாளின் முதுகு மேலே எழும், வெளி முதுகு தன் இடத்திலேயே நிற்கும். இதை விட்டுவிட்டு அட்டைத் துணியை நேராக முதுகில் ஒட்டினால் ஏடு பாதியில் விறைத்து நின்றுவிடும்.

உள்ளே பொருள் ஒட்டப்போகும் ஏட்டுக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. ஃபாரத்தின் இலைகளுக்கு நடுவே 20 மில்லிமீட்டர் அகலத் தாள் பட்டைகளை மடித்துச் சேர்த்துத் தையுங்கள். முதுகில் மட்டும் தடிமன் கூடி, பக்கங்களில் இடம் மிச்சமாகும். இல்லாவிட்டால் பாதி ஏடு நிறைந்ததும் முன்னோரம் வாய் பிளந்து நிற்கும். இந்தப் பட்டையை லாங் ஸ்டிட்சிலும் சேர்க்கலாம்.

இதே தையலை நாடாவுக்குப் பதில் தோல் வார்களின் மேல் போட்டு, அந்த வார்களை அட்டையில்லாத பார்ச்மென்ட் (பதப்படுத்திய விலங்குத் தோல்) உறையில் கோத்து மூடுவது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக இருந்தது. 1966 நவம்பர் 4 அன்று ஃப்ளாரன்ஸ் நகரை வெள்ளம் மூழ்கடித்தபோது, பசை குறைவாகப் பயன்படுத்திய இந்த வகை ஏடுகள் மற்றவற்றைவிட நன்றாகத் தப்பியதை, மீட்புப் பணிக்கு வந்த கிறிஸ்டோபர் கிளார்க்சன் போன்ற பாதுகாப்பு வல்லுநர்கள் கவனித்தார்கள். நீண்டகாலம் நிலைக்க வேண்டிய பதிவுக்கு இது உயர்ந்த தேர்வு. பார்ச்மென்ட் ஈரப்பதத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும், விலையும் அதிகம் என்பதால், 250 ஜிஎஸ்எம் கையால் செய்த தடித்த தாளில் உறை மடித்துப் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

ஸ்பிரிங்பேக்: கடைசியில்

இங்கிலாந்தில் ஜான், ஜோசப் வில்லியம்ஸ் என்ற இருவர் 1799இல் காப்புரிமை பெற்ற முறை. கணக்குப் பேரேட்டுக்கென்றே பிறந்தது. அட்டையைத் திறந்ததும் முதுகு டக்கென்று மேலெழுந்து, தடித்த பேரேட்டிலும் எழுதும் பக்கம் மடிப்பு வரை தட்டையாகிவிடும். வேலை செய்வது இரண்டு உறுப்பு. ஒன்று, பசையில் அடுக்கடுக்காக ஒட்டிய தாளை ஆங்கில C எழுத்து வடிவில் வளைத்துக் காயவைத்த கெட்டியான ஸ்பிரிங், தாள்கட்டின் முதுகைக் கவ்வி உட்காரும். மற்றது, முதல், கடைசி ஃபாரங்களோடு ஒட்டிக் கெட்டிப்படுத்திய நெம்புப் பட்டை. இதை இரண்டாகப் பிளந்த அட்டையின் நடுவே செருகி ஒட்டுவார்கள். அட்டை திறக்கும்போது நெம்பு ஸ்பிரிங்கின் விளிம்பைத் தள்ளி விரிக்கிறது, விரிந்த ஸ்பிரிங் முதுகை மேலே தூக்குகிறது.

மெல்லிய ஏட்டில் இது வேலை செய்யாது. தாள்கட்டு 25 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். முதுகை நன்றாக உருட்ட வேண்டும், ஆனால் சாதாரணப் புத்தகத்துக்குச் செய்வது போல் சுத்தியலால் தோள் (முதுகோரத்தில் அட்டை உட்காரும் மேடு) எழுப்பக் கூடாது, ஸ்பிரிங் கவ்வ இடம் இருக்காது. அட்டையை முதுகை ஒட்டி வைக்காமல் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தால்தான் நெம்பு அசையும். ஒவ்வொரு கட்டத்திலும் முழுதாகக் காய வேண்டியிருப்பதால் ஒரு பேரேட்டுக்கு வாரம் ஒன்று பிடிக்கும். நாடாத் தையல், பசை, உருட்டல் மூன்றும் கைக்கு வராமல் இதில் இறங்கினால் எந்தத் தவறு எங்கே நடந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

பழகுவதற்கு ஸ்பிரிங்கை மட்டும் தனியாகச் செய்து பாருங்கள். முதுகின் அகலத்தைவிடச் சற்றுச் சிறிய உருளையில் தாளைச் சுற்றி, துணியால் இறுகக் கட்டி, உள்வரை காயும் மட்டும் அவிழ்க்காமல் விடுங்கள். காய்ந்ததைத் தாள்கட்டின் முதுகில் மாட்டி, முதுகு கீழே இருக்கும்படி திருப்பிப் பிடித்தால் அது கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் உருளை பெரிது, அல்லது அடுக்கு போதவில்லை. விரலால் விரிக்கவே முடியாத அளவு விறைப்பாக இருந்தால் அடுக்கு கூடிவிட்டது. அதைப் பேரேட்டில் பொருத்தினால் திறக்கும்போது ஸ்பிரிங் அசையாது, அட்டையைத் தாள்கட்டோடு இணைக்கும் மூட்டுத் துணிதான் கிழியும்.